வயதைப் பார்த்துப் பெயரை அடிக்காதீர்கள்

பாதுகாப்பு அமைச்சகத்துக்கும் ராணுவ விவகாரங்கள் துறைக்கும் மதுரையிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியவர்களுக்கு, வணக்கம்.

ஷார்ட் சர்வீஸ் கமிஷனில், அதாவது 10 ஆண்டு, நீட்டித்தால் 14 ஆண்டு என்று குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் பணியாற்றி வெளியே வந்த ராணுவ அதிகாரிகளை, தேவை வந்தால் திரும்ப அழைப்பதற்கான ரிசர்வ் பட்டியலில் எந்த வயது வரை வைத்திருப்பது என்பதைப் பற்றித்தான் இந்த மடல். படை அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்க யு.பி.எஸ்.சி. நடத்தும் சி.டி.எஸ். தேர்வின் அறிவிக்கையில், சென்னை பரங்கிமலை ஆபீசர்ஸ் டிரெய்னிங் அகாடமிக்கான பணி நிபந்தனைகளுக்கு நடுவே, ஒரு பத்தி ஆண்டுக்கணக்காக அச்சாகி வருகிறது. பணிக்காலம் முடிந்து விடுவிக்கப்படும் அதிகாரிக்கு 5 ஆண்டு ரிசர்வ் கடமை உண்டு. அவரே விரும்பினால் இன்னும் 2 ஆண்டு. ஆனால் ஆணாக இருந்தால் 40 வயது வரைதான், பெண்ணாக இருந்தால் 37 வயது வரைதான். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் யாரும் அந்தப் பத்தியில் நிற்பதில்லை. 22 வயதில் 37 என்பது கண்ணுக்கே தெரியாத தூரம்.

நான் திருமங்கலத்துக்காரி. ராணுவத்துக்குப் பொருள் சேர்க்கும் பிரிவான ஆர்மி சர்வீஸ் கோரில் 10 ஆண்டு இருந்துவிட்டு மேஜராக வெளியே வந்தேன். இப்போது மதுரையில் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். பட்டியலில் என் பெயர் இருந்த காலத்தில் ஒரு நாள் பயிற்சிக்குக்கூட யாரும் என்னைக் கூப்பிடவில்லை. 37 வயது முடிந்து பெயர் போனபோதும் யாரும் ஒரு வரி எழுதிச் சொல்லவில்லை. விதியைப் படித்து நானாகத் தெரிந்துகொண்டதுதான். என்னோடு அதே நாளில் அதே மைதானத்தில் நட்சத்திரம் குத்திக்கொண்டு, அதே பிரிவில், அதே அளவு காலம் வேலை பார்த்த ஆண் தோழருக்கு அப்போதும் ரிசர்வ் காலம் மிச்சம் இருந்தது. அவருக்கு இருந்து எனக்கு இல்லாமல் போன தகுதி என்ன என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

இந்த விதியை ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பாருங்கள். 23 வயதில் ஒரு பெண் அதிகாரி பொறுப்பேற்கிறார் என்று வையுங்கள். 10 ஆண்டில் விலகினால் அவருக்கு வயது 33. பட்டியலில் 4 ஆண்டு இருப்பார். அவரே இன்னும் நன்றாக வேலை பார்த்து, நீட்டிப்பு வாங்கி, 14 ஆண்டும் முடித்து வெளியே வந்தால் வயது 37. வெளியே வருகிற அன்றைக்கே ரிசர்வும் முடிந்துபோகிறது. ஒரு நாள்கூடக் கிடையாது. அதாவது, அனுபவம் குறைந்தவரை 4 ஆண்டு கையிருப்பில் வைத்துக்கொள்கிறீர்கள். லெப்டினன்ட் கர்னல் வரை உயர்ந்து, முழுக் காலமும் உழைத்தவரை வாசலோடு அனுப்பிவிடுகிறீர்கள். ஆண்களுக்கும் இதே கோணல்தான், 3 வயது தள்ளி நடக்கிறது. 25 வயதில் வந்து 14 ஆண்டு முடித்த ஆணுக்கு மிஞ்சுவது ஓர் ஆண்டு. ரிசர்வ் என்பதே அனுபவத்தைக் கையிருப்பில் வைப்பதற்காகத்தான் என்றால், அனுபவம் கூடக்கூடக் கையிருப்பு குறைகிற கணக்கை யார் போட்டார்கள்?

இதே அரசு, வேறு வேலையில் இருப்பவர்கள் பகுதி நேரமாகச் சேரும் டெரிட்டோரியல் ஆர்மிக்கு அதிகாரி எடுக்கும்போது வயது வரம்பு 18 முதல் 42 என்று போடுகிறது. 42 வயதில் ஒரு வங்கி மேலாளரோ வழக்கறிஞரோ, வாழ்நாளில் துப்பாக்கியைத் தொட்டே இராதவர், விண்ணப்பம் போடலாம்; தேறினால் லெப்டினன்ட் ஆகலாம். அதில் எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. 1949 அக்டோபர் 9 அன்று நம் ராஜாஜி கவர்னர் ஜெனரலாக இருந்து தொடங்கி வைத்த படை அது. 1962, 1965, 1971 மூன்று போர்களிலும் பங்கெடுத்திருக்கிறது. 2025 மே மாதம் எல்லையில் பதற்றம் ஏறியபோது, அதன் 32 காலாட்படை பட்டாலியன்களில் 14-ஐப் பணிக்கு அழைத்துக்கொள்ள ராணுவத் தளபதிக்கு அதிகாரம் கொடுத்தீர்கள். ஆக, தேவை வந்தால் சாதாரணக் குடிமக்களை அழைக்கிற நாடுதான் இது. அப்படியிருக்க, 42 வயதில் புதிதாகக் கற்றுக்கொள்ள முடியும் என்று ஒருவரை நம்புகிற நீங்கள், ஏற்கெனவே கற்றுக்கொண்டவரை 37-இல் முடியாதவர் என்று ஏன் முடிவு கட்டுகிறீர்கள்?

"சரி, நீங்களும் டெரிட்டோரியல் ஆர்மியில் சேர்ந்திருக்கலாமே" என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். 2025-இல் வந்த அதிகாரி தேர்வு அறிவிக்கையில் இந்தியா முழுமைக்கும் 19 இடம். அதில் 18 ஆண்களுக்கு. பெண்களுக்கு 1. அதற்கும் நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. பெண்கள் அந்தப் படையில் சேரலாம் என்று டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னதே 2018-இல்தான்.

வெளியே வந்த பிறகு ராணுவப் பயிற்சி எதற்கு உதவும் என்று கேட்பவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்கள் மூழ்கின. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு நின்றுவிட்டது. மதுரையில் ஊர் முழுக்கப் பொருள் சேர்ந்தது. நம் ஊர்க்காரர்களுக்குக் கொடுக்கிற கை எப்போதும் தாராளம். நான் போய் நின்ற இடத்தில் ஒரு லாரி ஏறக்குறைய நிரம்பியிருந்தது. தூக்கமில்லாமல் வேலை பார்த்த பையன்கள், வந்த வரிசையிலேயே எல்லாவற்றையும் ஏற்றியிருந்தார்கள். அடியில் பன்னும் ரொட்டியும். அதன் மேல் தண்ணீர் கேன். மருந்துப் பெட்டி எங்கே என்று கேட்டால், முன்பக்கம், கேபினை ஒட்டி, எல்லாவற்றுக்கும் பின்னால். வண்டி மூன்று ஊர்களில் நிற்க வேண்டும்; எந்த ஊருக்கு எது என்பது ஏற்றியவர்களின் ஞாபகத்தில் மட்டும் இருந்தது. ஞாபகத்தில் வைத்திருந்தவர்கள் லாரியோடு போகப்போவதில்லை.

முழுக்க இறக்கச் சொன்னேன். முதலில் முகம் சுளித்தார்கள், அப்புறம் இறக்கினார்கள். கடைசியாக நிற்கிற ஊருக்கானதை முதலில் ஏற்றினோம். ஒவ்வோர் ஊருக்கும் நடுவில் ஒரு தார்ப்பாயைத் தடுப்பாகக் கட்டினோம். தண்ணீர் அடியில், ரொட்டி மேலே. மருந்து, பால் பவுடர், நாப்கின் இவை தனி மூட்டையாகப் பின்கதவு ஓரம், இருட்டில் கைவிட்டாலும் கிடைக்கிற மாதிரி. எந்த ஊரில் எத்தனை மூட்டை என்று ஒரு தாளில் எழுதி, பிளாஸ்டிக் கவரில் போட்டு, டிரைவர் பக்கக் கதவின் உட்புறம் ஒட்டினோம். இன்னொரு பிரதியை அவர் சட்டைப் பையில் வைத்தோம். தெற்கே போகப்போக போன் கிடைக்காது என்று தெரியும். யாரையும் கேட்காமலே இறக்குகிறவர் இறக்க வேண்டும்.

இது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஆனால் எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது ராணுவம். அதற்குச் செலவழித்தது இந்த நாட்டின் வரிப்பணம். பனி விழுந்து ஜோஜிலா கணவாய் மூடுவதற்குள் லடாக்கில் குளிர்காலம் முழுவதுக்கும் வேண்டிய அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் எல்லாவற்றையும் மேலே சேர்த்தாக வேண்டும் என்ற நெருக்கடியில் வேலை பார்த்தவர்களுக்கு, எந்த மூட்டை எங்கே இருக்க வேண்டும் என்பது கைப்பழக்கமாகிவிடும். அந்தப் பழக்கம் 37-ஆவது பிறந்தநாளில் போய்விடுவதில்லை. அன்று மதுரையில் என்னைப்போல் இன்னும் எத்தனை பேர் இருந்தார்கள் என்பது எனக்குத் தெரியாது, மாவட்ட நிர்வாகத்துக்கும் தெரியாது. காரணம் ஒன்றுதான்: வயதைச் சொல்லி அடிக்கப்பட்ட பெயர்கள் வேறு எந்தப் பட்டியலுக்கும் போவதில்லை.

உங்கள் பக்க நியாயத்தையும் நான் அறிவேன். ராணுவம் இளமையாக இருக்க வேண்டும். கார்கில் மலைகளில் ஏறியவர்களைப் பார்த்த பிறகு யாரும் இதை மறுக்கமாட்டார்கள். திருச்சியில் பிறந்த கே.சுப்ரமணியம் தலைமையிலான கார்கில் மறுஆய்வுக் குழுவே, 1976 முதல் இருந்துவந்த 17 ஆண்டுப் பணிக்காலத்தை 7 முதல் 10 ஆண்டாகக் குறைக்கலாம் என்றது. அதன் பின் வந்த ஏ.வி.சிங் குழு, பட்டாலியனை நடத்துகிற அதிகாரிகளின் வயதைக் குறைப்பதற்காகவே பதவி உயர்வு முறையை மாற்றச் சொன்னது. எல்லாம் நியாயம். ஆனால் அவை களத்தில் முன்னால் நிற்கிறவர்களைப் பற்றிய பேச்சு. அதிலும் சுப்ரமணியம் குழு, குறைந்த காலத்தில் விடுவிக்கிறவர்களை வீட்டுக்கு அனுப்பச் சொல்லவில்லை. துணை ராணுவப் படைகளுக்கு அனுப்பச் சொன்னது. பயிற்சி பெற்றவரை இடம் மாற்றி வைத்துக்கொள் என்பதுதான் அந்த யோசனை. ரிசர்வ் அதிகாரியை 18,000 அடி உயரத்தில் ரோந்து போகச் சொல்லி யாரும் கேட்கவில்லை. சப்ளை, தகவல் தொடர்பு, பழுதுபார்ப்பு, மொழிபெயர்ப்பு, சட்டம், பயிற்சி என்று பின்னால் இருந்து தாங்குகிற வேலைகளில்தான் ஆள் போதாமல் போகும், அதுவும் போர் வந்தால் ஒரே வாரத்தில்.

வயது வரம்பு என்பதே பொதுவாக மேலே போகப்போக இளகுகிறதையும் பார்க்கிறேன். ஓய்வு வயது கர்னலுக்கு 54, பிரிகேடியருக்கு 56, மேஜர் ஜெனரலுக்கு 58, லெப்டினன்ட் ஜெனரலுக்கு 60, ராணுவத் தளபதிக்கு 62, முப்படைத் தலைமைத் தளபதிக்கு 65. 2020-இல் ராணுவ விவகாரங்கள் துறையே கர்னலுக்கு 57, பிரிகேடியருக்கு 58, மேஜர் ஜெனரலுக்கு 59 என உயர்த்த யோசனை வைத்தது. 2022-இல் விதியைத் திருத்தி, 62 வயதுக்குக் குறைந்த ஓய்வுபெற்ற லெப்டினன்ட் ஜெனரலையும் முப்படைத் தலைமைத் தளபதி ஆக்கலாம் என்றீர்கள்; ஓய்வுபெற்று ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்த அனில் சௌஹான் அந்தப் பதவிக்கு வந்தார். அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். அனுபவம் தேவைப்பட்டது, கூப்பிட்டீர்கள். உச்சியில் பொருந்துகிற நியாயம் மேஜருக்கும் கேப்டனுக்கும் ஏன் பொருந்தாது? எங்கள் மாநிலத்தில் அரசு ஊழியர், ஆசிரியர்களின் ஓய்வு வயது 2020 மே மாதம் 58-இலிருந்து 59 ஆனது. மறு ஆண்டு பிப்ரவரியில் 60 ஆனது. அந்தத் தாசில்தாரும் தலைமையாசிரியரும்தான் வெள்ளம் வந்தால் முகாமில் நிற்கிறார்கள்.

உடல் தகுதிதான் கவலை என்றால் அதை அளக்கிற கருவி உங்களிடமே இருக்கிறது. எஸ்.எச்.ஏ.பி.இ. என்கிற மருத்துவத் தர வரிசை, மனநலம், காது, கை கால், உடல் திறன், கண் பார்வை என ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக மதிப்பெண் போடுகிறது. உடல் தகுதி ஓட்டத்துக்கு வயது வாரியாக நேரம் வகுத்திருக்கிறீர்கள்; இளையவர்களுக்கு ஒரு நேரம், 40-க்கு மேல் ஒரு நேரம். அதாவது 40-க்கு மேலும் ஓடுவார்கள் என்று ராணுவத்துக்கே தெரியும். ஓடிக் காட்டச் சொல்லுங்கள். தேறாதவரை அனுப்பிவிடுங்கள், அதில் யாருக்கும் வருத்தம் இருக்காது. என் வகுப்புத் தோழி ஒருத்தி 39 வயதில் அதிகாலையில் ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் கல்லூரிப் பெண்களோடு சேர்ந்து ஓடுகிறாள். பாதிப் பேர் அவளுக்குப் பின்னால்தான் வருகிறார்கள். 32 வயதிலேயே முதுகுவலியோடு உட்கார்ந்துவிட்டவர்களையும் நான் அறிவேன். பிறந்த தேதி இவர்களில் யாரைப் பற்றியும் எதுவும் சொல்லாது.

வெளிநாட்டு உதாரணம் என்றாலே எனக்குக் கொஞ்சம் தயக்கம்தான். ஆனாலும் சிங்கப்பூரைச் சொல்லியாக வேண்டும். மேலூர், சிவகங்கை பக்கம் அங்கே பிள்ளைகள் இல்லாத தெரு குறைவு. அங்கே தேசிய சேவை என்கிற கட்டாய ராணுவ சேவையை முடித்தவர்களுக்கு ரிசர்வ் கடமை 40 வயது வரை. அதிகாரிகளுக்கு 50 வயது வரை. அதிகாரிக்குக் கூடுதல் வயது, ஏனென்றால் அவரிடம் இருப்பது அனுபவம். ஆண்டுக்கு 40 நாள் வரை அழைக்கலாம் என்று சட்டம் இருக்கிறது, அழைக்கவும் செய்கிறார்கள். ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிற ஆள் பையைத் தூக்கிக்கொண்டு முகாமுக்குப் போவதை அங்கே யாரும் வேடிக்கை பார்ப்பதில்லை. அமெரிக்காவில் பிரிகேடியர் ஜெனரலுக்குக் கீழுள்ள ரிசர்வ் அதிகாரிகளுக்கு வரம்பு 62 வயது. அங்கேயும் கதவு மொத்தமாகத் திறந்து கிடக்கவில்லை. லெப்டினன்ட் கர்னல் என்றால் 28 ஆண்டு, கர்னல் என்றால் 30 ஆண்டு என்று பணிக்கால வரம்பு தனியாக உண்டு. ஆனால் மருத்துவர், மத குரு போன்றவர்களுக்கு வயதைத் தளர்த்துகிறார்கள். வேலையைப் பொறுத்து வயது. நம் ராணுவத்திலும் மருத்துவப் பிரிவு அதிகாரிகளுக்கு ஓய்வு வயது மற்றவர்களைவிடக் கூடுதலாகத்தான் இருக்கிறது. அந்தக் கொள்கை உங்களுக்குப் புதிதில்லை.

பெண்ணுக்கு 37, ஆணுக்கு 40 என்ற வித்தியாசத்துக்கு நான் படித்த எந்த அறிவிக்கையிலும் காரணம் சொல்லப்படவில்லை. நானாக ஊகிக்க வேண்டியிருக்கிறது: குடும்பம், குழந்தை, கூப்பிட்டால் வரமாட்டார்கள் என்பதாக இருக்கலாம். இந்த வாதங்களைத்தான் 2020 பிப்ரவரி 17 அன்று உச்ச நீதிமன்றம் பெண் அதிகாரிகளின் நிரந்தரப் பணி வழக்கில் ஏற்க மறுத்தது. உடலமைப்பையும் குடும்பப் பொறுப்பையும் காட்டிப் பெண்களை ஒதுக்குவது பழைய எண்ணம் என்று சொல்லிவிட்டது. 37 வயதில்தான் பெரும்பாலான பெண்களுக்குக் குழந்தைகள் தாமாகப் பள்ளிக்குப் போகிற வயதை எட்டியிருக்கும். வீட்டை விட்டு ஒரு மாதம் போய்வரக் கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைப்பதே அப்போதுதான். சரியாக அந்த நேரம் பார்த்துக் கதவை மூடுகிறீர்கள். நேதாஜி படையில் இருந்த கேப்டன் லட்சுமி 1971-இல் வங்கதேச அகதிகள் வந்து குவிந்தபோது முகாம்களில் போய் வைத்தியம் பார்த்தார். அவர் பிறந்தது 1914-இல். ஜான்சி ராணிப் படையில் அவர் கற்றதும் மருத்துவராகக் கற்றதும் அந்த வயதில் அகதிகளுக்குத்தான் பயன்பட்டது.

ஜவான்களைப் பற்றியும் சொல்ல நிறைய இருக்கிறது. எங்கள் பக்கம் பேரையூர், உசிலம்பட்டி, கள்ளிக்குடி என்று எந்த ஊருக்குப் போனாலும் பட்டாளத்திலிருந்து பென்ஷன் வந்தவர்கள் இருப்பார்கள். பாதிப் பேருக்கு 40 ஆகியிருக்காது. ஏ.டி.எம். வாசலிலும் அபார்ட்மென்ட் கேட்டிலும் உட்கார்ந்திருக்கிறார்கள். அக்னிவீரர்களின் முதல் அணி 4 ஆண்டு முடித்து வரும்போது, நூற்றுக்கு 75 பேர் இன்னும் இளம் வயதில் ஊர் திரும்புவார்கள். அது தனி மடலுக்கான விஷயம். இங்கே அதைக் குறிப்பிடுவதற்குக் காரணம், அதிகாரிகளுக்கான ரிசர்வையே ஒழுங்காக வைத்திருக்க முடியவில்லை என்றால் அவர்களை என்ன செய்யப்போகிறோம் என்ற கவலைதான்.

நான் கேட்பது அதிகம் இல்லை. பெண்ணுக்கு ஒன்று, ஆணுக்கு ஒன்று என்ற வயது வித்தியாசத்தை உடனே நீக்குங்கள்; அதற்குப் பணம் செலவாகாது, பேனா போதும். அடுத்து, வரம்பைப் பொதுவாக 50 ஆக்கி, ஆண்டுதோறும் மருத்துவச் சோதனையும் ஓட்டமும் வைத்து, அதிகாரியின் சம்மதத்தோடு நீட்டியுங்கள். களப் பிரிவுகளுக்குக் குறைந்த வயது வேண்டும் என்றால் அங்கே மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். 14 ஆண்டு முடித்தவருக்கும் குறைந்தது 5 ஆண்டாவது பட்டியலில் இடம் இருக்கட்டும். பட்டியலில் இருப்பவர்களை ஆண்டுக்கு ஒரு முறை, இரண்டு வாரமாவது, கூப்பிட்டு வேலை கொடுங்கள். நாங்கள் விட்டுவந்த பிறகு வாகனமும் ரேடியோவும் கணினியும் மாறியிருக்கும். கைவிட்டுப் போனதைத் திரும்பப் பழக அவ்வளவு நாளாவது வேண்டும். மதுரைக்காரர்களுக்குப் பக்கத்தில் கோவையிலும் திருச்சியிலும் டெரிட்டோரியல் ஆர்மி பட்டாலியன்கள் இருக்கின்றன. புதிய கட்டடம்கூடத் தேவைப்படாது. அந்தப் பட்டியலின் ஒரு பிரதி, மாவட்டத்தில் யார் என்ன வேலை தெரிந்தவர் என்ற குறிப்போடு, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் ஆட்சியரின் பேரிடர் பிரிவிலும் இருக்க வேண்டும். வெள்ளம் வந்தால் யாருக்குப் போன் போடுவது என்று அவர்கள் தேடக் கூடாது.

இந்த மாற்றத்தால் எனக்குச் சம்பளமோ பென்ஷனோ ஒரு ரூபாய் கூடப்போவதில்லை. ஷார்ட் சர்வீஸ் அதிகாரிகள் 14 ஆண்டு முடித்தாலும் பென்ஷன் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். அதை ஏற்றுக்கொண்டுதான் போனோம். வேலை தெரியும், செய்ய மனம் இருக்கிறது, தேவைப்பட்டால் கூப்பிடுங்கள் என்பது மட்டும்தான் என் கோரிக்கை.

சி.டி.எஸ். அறிவிக்கை ஆண்டுக்கு இரண்டு முறை வருகிறது. என்னிடம் படிக்கிற பெண்களில் சிலர் அடுத்த தேர்வுக்குத் தயாராகிறார்கள். அடுத்த அறிவிக்கை அச்சுக்குப் போகும் முன் அந்த ஒரு பத்தியைத் திருத்திவிட்டீர்கள் என்றால், அவர்கள் கையெழுத்துப் போடுகிற தாளில் 37 என்ற எண் இருக்காது.

இப்படிக்கு,
முன்னாள் மேஜர், ஆர்மி சர்வீஸ் கோர்
திருமங்கலம், மதுரை மாவட்டம்